எடை குறைந்த குழந்தைக்கு முதல் உணவு

பிறக்கும்போது 2,500 கிராமுக்கும் குறைவான எடையுள்ள குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கச் சக்தி போதாது. பால் கொடுப்பதைச் சில நாள் தள்ளிப்போடலாம் என்ற எண்ணம் பல குடும்பங்களில் உண்டு. அதற்குள் சர்க்கரைத் தண்ணீர் முந்திக்கொள்கிறது.

உண்மை இதற்கு நேர்மாறானது. உடலில் கொழுப்புச் சேமிப்பு குறைவாதலால் இக்குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை விரைவில் குறையும், உடலும் குளிர்ந்துவிடும். ஆகவே தாமதமே பெரும் ஆபத்து. சீம்பால் உணவாவதோடு, நோய்த் தொற்றையும் எதிர்க்கிறது.

உடல்நிலை சீராக உள்ள குழந்தையை முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாயின் மார்பில் சேர்க்க வேண்டும். சுமார் 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் மூன்றும் ஒருங்கே கைகூடுவதில்லை. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பீய்ச்சி எடுத்த பாலைப் பாலாடையால் புகட்டலாம். அதுவும் இயலாவிடில் மருத்துவர் குழாய் வழியே செலுத்துவர். பாட்டிமார் கையாண்ட பாலாடை இன்று சிசு பராமரிப்புப் பிரிவுகளிலும் பயன்படுகிறது.

தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமானால் தாய்ப்பால் வங்கி உதவும். ஹைதராபாத் நிலோஃபர் அரசு மருத்துவமனையில் 2017இல் 'தாத்ரி' தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. ஆயினும் அதே மாநகரின் ஏ.எஸ்.ராவ் நகரில் பிறந்தாலும், தொலைதூரச் சிற்றூரில் பிறந்தாலும், குழந்தைக்கு முதல் உரிமை தன் தாயின் பாலே. அதைத் தாமதமின்றிக் கிடைக்கச் செய்வது குடும்பத்தார் அனைவரின் கடமையாகும்.