அண்ணையிட்டக் கேட்டாச்சா?

தோழர்களே, சுவரில இருக்கிற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி எல்லாரும் கதைச்சிட்டீங்கள். பக்க வெளிச்சம் நல்லம், கண் கூர்மை, பின்னணி இருட்டு எடுப்பு எண்டு. சரிதான். எடுத்த தோழர் கோவிக்கக்கூடாது, எனக்கு வேற பிரச்சினை.

உணவகக் குசினியில கோப்பை கழுவுற இந்த அண்ணையை எனக்குத் தெரியும். நாற்பது வயசு. படத்தில அறுபது. நிறப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது செம்மஞ்சள் ஸ்லைடரைக் கீழ இழுத்தால் எங்கட தோல் கரியாகும். கிளாரிட்டியைக் கூட்டினால் சின்னச் சுருக்கமும் வெட்டுக்காயம் மாதிரி எழும்பும். இரண்டும் நடந்திருக்கு. அவரில இல்லாத துன்பத்தைக் கணினியில பூசியிருக்கிறம். அதுக்குத்தான் கைதட்டும் கிடைச்சது!

டொரோத்தியா லாங் 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பிடுங்க வந்த தொழிலாளர் முகாமில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படம் உங்களுக்குத் தெரியும். லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கேல்லை. படம் பத்திரிகையில வந்து முகாமுக்கு உணவு போனது. அதுக்குள்ள அவ பிள்ளைகளோட வேற இடம் போயிட்டா. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் எண்ட பெயர் வெளியில வந்தது 1978இல். படத்தால தனக்கு ஒண்டும் கிடைக்கேல்லை எண்டுதான் அவ சொன்னா.

எங்கட படத்தின் தலைப்பு ‘உழைப்பு’. அண்ணை இதைப் பார்த்திட்டாரா? விசா சிக்கல் இருந்தால் முகம் வெளியில வாறதே ஆபத்து. கண்காட்சிக்கு முதல் ஒரு பிரதி கொண்டுபோய்க் குடுத்து, பெயர் போடலாமோ எண்டும் கேளுங்கோ. வேண்டாம் எண்டால் கழற்றுவம்.