ஊர் உறங்கிய பின்



ஆங்கிலத்தில் 'நைட் லைஃப்' என்றொரு தொடர் வழங்குகிறது. அதைத் தமிழில் 'இரவு வாழ்க்கை' என்று சொன்னவுடன் கேட்பவர் முகம் சற்றே சுளிக்கிறது. மதுக்கூடம், மங்கிய விளக்கு, காதைத் துளைக்கும் ஓசை, நேரத்தில் வீடு திரும்பாத பிள்ளை ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது விந்தையாகவே தோன்றுகிறது. இரவைக் கலைக்கென்று ஒதுக்கி வைத்த மக்கள் நாம். தெருக்கூத்து விடிய விடிய நடந்தது. சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் நின்று நிதானமாக இராகம் வாசித்ததெல்லாம் ஊர் உண்டு ஓய்ந்த பிறகுதான். சிவராத்திரியன்றும் வைகுண்ட ஏகாதசியன்றும் கண்விழிப்பதையே விரதமாக்கினோம். அப்படியிருக்க, 'இரவு வாழ்க்கை' என்ற சொல் நம் காதில் ஏன் பழிச்சொல்லாக ஒலிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைச் சித்தூர், திருப்பதி என்னும் இரண்டு ஊர்களை முன்வைத்து இன்று ஆராயலாம் என்று எண்ணுகிறேன். இவ்வூர்களுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு நீங்கள் அறிந்ததே. 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பெரும் பகுதியைப் பிரித்து அமைத்த சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலத்துடன் சென்றது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினாலும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் தோளோடு தோள் உரசியே நடக்கின்றன.

இப்பகுதியின் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் கோயில்களை ஒட்டிப் பாரத உற்சவம் நடைபெறுவதுண்டு. பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. அருச்சுனன் தவம் செய்யும் நாளில் வேடதாரி உயர்ந்த மரத்தின் மேல் ஏறுகிறான். கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் தொடை பிளக்கப்படுகிறது. சில ஊர்களில் இந்தக் கூத்து தமிழிலும், சில ஊர்களில் தெலுங்கிலும் நிகழ்கிறது. பாய் விரித்து உட்காரும் குடும்பத்தார், பாதியில் உறங்கும் குழந்தைகள், பாஞ்சாலி சபதத்திற்கென்று எழுப்பிவிடச் சொல்லிப் படுக்கும் பாட்டிமார் எல்லாருமே அந்த இரவைத் தமதாக்கிக் கொண்டவர்கள்.

திருப்பதியோ உறங்காத ஊர். திருமலையில் நள்ளிரவு கடந்து ஏகாந்த சேவையில் தாள்ளபாக்கத்து மரபினர் தாலாட்டுப் பாடப் பெருமாள் பள்ளி கொள்கிறார். விடிவதற்கு வெகு நேரம் முன்னரே சுப்ரபாதம் அவரை எழுப்பிவிடுகிறது. மார்கழியில் அந்த இடத்தை ஆண்டாளின் திருப்பாவை பெறுகிறது. அடிவாரத்தில் பேருந்து நிலையமும் புகைவண்டி நிலையமும் எந்நேரமும் விழித்திருக்கின்றன. ஆக, இரவு வாழ்க்கை இங்கே புதிதாக இறக்குமதியாக வேண்டிய சரக்கன்று.

புதிது என்று நாம் அஞ்சுவது இளைஞரின் இசையைத்தான். மின்னணு இசை என்பது யாது? தந்தியையோ தோலையோ காற்றுக் குழலையோ அதிர வைத்து எழுப்பாமல், மின்னோட்டத்தின் அலைவையே நாதமாக்கி ஒலிபெருக்கியின் வழியே கேட்கச் செய்வது. அந்த நாதத்தைக் கருவியின் திருகுகளால் தடிப்பாக்கலாம், மெலிதாக்கலாம், ஒரே தாளக்கட்டைச் சலிக்காமல் மணிக்கணக்கில் சுழல விடலாம். கேட்பவர் உடல் அந்தச் சுழற்சியில் இணைகிறது. பஜனையில் ஒரே நாமாவளி திரும்பத் திரும்ப வந்து வேகம் பிடிக்கும்போது நமக்கு நேர்வதும் ஏறத்தாழ இதுவே.

இயந்திரம் இசையைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் புதிதன்று. நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த வானொலியே 1940-இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. 1971-இல்தான் அதற்கு மீண்டும் கதவு திறந்தது. 1952-இல் திரைப்பாட்டும் வெளியே நிறுத்தப்பட்டது. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957-இல் விவித பாரதி தோன்றிய பிறகே அந்தக் கணக்கு நேராயிற்று. இவற்றைச் செய்தவர்கள் இசையின்மேல் உண்மையான அக்கறை கொண்டவர்களே. ஆனால் கருவியைத் தடுத்து இசையைக் காப்பாற்ற முடியாது என்பதைக் காலம் காட்டிவிட்டது. 1963-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வந்தது. அது வீடுதோறும் புகுந்ததும் இயந்திரத்தின் துணையால்தானே?

மின்னணு இசையிலும் நம் நாட்டினர் பின்தங்கி நிற்கவில்லை. கீதா சாராபாய் அம்மையாரின் முயற்சியால் 1969-இல் அகமதாபாதில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் என்னும் மின்னிசைக் கருவி நிறுவப்பட்டது. அமெரிக்க இசையாளர் டேவிட் டியூடர் வந்து அதை அமைத்துக் கொடுத்தார். அங்கே இந்தியர் சிலர் 1972 வரையில் பதிவு செய்த ஒலிநாடாக்கள் நெடுங்காலம் அலமாரியில் கிடந்தன. 2017-இல் அவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் 1982-இல் பத்து இராகங்களை மின்னணுத் தாளத்தின்மேல் வாசித்து இசைத்தட்டாக்கினார். அன்று அதைக் கேட்பாரில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சிகாகோ நகரத்து இளைஞர் அதே வகைக் கருவிகளைக் கொண்டு ஒரு புது நடன இசையை உருவாக்கி உலகப் புகழ் பெற்றனர். தமிழில் இளையராஜா 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்திற்குக் கணினியைத் துணைக்கொண்டார். கச்சேரி மேடையில் தம்பூராவுக்குப் பக்கத்தில் மின்னணுச் சுருதிப் பெட்டி எப்போதோ இடம் பிடித்துவிட்டது. இன்று ஒரு மாணவன் தன் மடிக்கணினியில் இசையமைக்கிறான் என்றால், அவனுக்கு இந்த நாட்டிலேயே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட முன்னோர் வரிசை உண்டு.

மின்னணு இசை நடக்கும் கூடங்களில் பலர் கவர்வது விந்தையான உடையும் வேடமும், பகலில் காட்ட முடியாத முகத்தை இரவில் அணிந்து பார்க்கும் துணிச்சலும் ஆகும். இதற்கும் நாம் திருப்பதியை விட்டு வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. மே மாதத்துக் கடும் வெயிலில் தாத்தய்யகுண்ட கங்கம்மன் ஜாத்திரை ஒரு வார காலம் நடைபெறுகிறது. கங்கம்மன் வேங்கடவனுக்குத் தங்கை என்பது ஊரார் நம்பிக்கை; தேவஸ்தானத்திலிருந்து சீர்வரிசை வருகிறது. இந்த நாட்களில் ஆண்கள் நாளுக்கொரு வேடம் புனைகின்றனர். பைராகி வேடத்தில் உடலெங்கும் வெள்ளை நாமக்கட்டி. பண்ட வேடத்தில் குங்குமம். தோட்டி வேடத்தில் கரி. தொர வேடத்தில் சந்தனம். பண்ட வேடத்தன்று யாரையும் வாய்க்கு வந்தபடி வைவதற்கும் உரிமை உண்டு. பிறகு மாதங்கி வேடம். மீசை மழித்து, சேலை கட்டி, சடை பின்னிப் பூச்சூடி நிற்கும் ஆண்களைக் கண்டு ஊர் சிரிப்பதில்லை, கும்பிடுகிறது. ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அமெரிக்க அறிஞர் இந்த ஜாத்திரையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2013-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

ஏன் இத்தனை வேடம்? கதை இதுதான். பாளையக்காரன் ஒருவன் ஊர்ப் பெண்களைச் சீரழித்து வந்தான். அவனை ஒழிக்கக் கங்கம்மன் தோன்றினாள். அவன் அஞ்சி ஒளிந்து கொண்டான். அவள் வேடத்தின்மேல் வேடம் மாற்றித் தேடினாள். துரைமகனாக வேடம் பூண்டு வந்த நாளில் அவன் நம்பி வெளியே வந்தான், தலையிழந்தான். கூத்தும் களியாட்டமும் வசைச்சொல்லும் கலந்த அந்த ஒரு வாரத்தின் உட்பொருள் ஒன்றே: ஒரு பெண் இந்த ஊரில் அச்சமின்றி நடமாட வேண்டும். ஜாத்திரைக்கு முடிவும் வரையறுத்ததே. கடைசி இரவில் அமைக்கும் அம்மனின் பெரிய மண் முகம் விடியுமுன் பிரிக்கப்படுகிறது. அந்த மண்ணை மக்கள் பிரசாதமாக எடுத்துச் செல்கின்றனர். மறுநாள் கடைகள் வழக்கம்போல் திறக்கின்றன. கட்டவிழ்ப்பதற்கும் கட்டுவதற்கும் ஒரு சேர வழி கண்ட முறை இது.

நேயர்களே, இளம் கலைஞர்களைப் பேணுவதிலும் இப்பகுதிக்கு ஒரு பழைய முறை உண்டு. சித்தூர் நாகையாவை 'அசோக் குமார்' படத்திலும் 'மீரா' படத்திலும் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1938-இல் திரைக்கு வருவதற்கு முன் அவர் சித்தூரில் இராம விலாச சபையின் நாடகங்களில் பாடி நடித்தவர். வேலை நேரம் போக மீந்த பொழுதில் ஒத்திகை பார்க்க ஓர் இடம், திருத்திச் சொல்ல மூத்தவர், காசு கொடுத்துப் பார்க்க ஊரார் ஆகிய மூன்றையும் அந்தக் காலத்துச் சபைகள் இளைஞருக்கு அளித்தன. அன்றைய மாவட்டத் தலைநகர் ஒன்று தென்னாட்டுத் திரையுலகுக்கு ஒரு பெருங்கலைஞரைத் தந்தது இவ்வாறுதான்.

இன்றைய நிலை என்ன? திருப்பதியில் 1954 முதல் பல்கலைக்கழகமும், 1959 முதல் தேவஸ்தானத்தின் இசை நடனக் கல்லூரியும் இருக்கின்றன. 2015-இல் இரண்டு பெரிய மத்திய கல்வி நிறுவனங்களும் வந்தன. ஆயிரக்கணக்கான இளைஞர் பகலில் படிக்கின்றனர். மாலையில் புதிய இசை ஒன்றைச் செய்து பத்துப் பேருக்குப் போட்டுக் காட்ட விரும்பும் பிள்ளை எங்கே போவான்? ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூர். இரண்டும் சில மணி நேரப் பயணம். அங்கே போனால் கூடம் உண்டு. ஆனால் கூடத்தின் வாடகையைப் பாட்டு கட்டுவதில்லை, மது கட்டுகிறது. கேட்க வந்தவனும் குடித்தால்தான் கடைக்காரனுக்குக் கட்டுப்படியாகும். இசையின் இயல்பால் மது வந்து ஒட்டவில்லை. இடத்தின் கணக்கால் ஒட்டியது. இதைப் பெற்றோர் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

ஓசையைக் குறித்த முறையீடும் நியாயமானதே. நோயாளிக்கும் குழந்தைக்கும் மறுநாள் தேர்வு எழுதுபவருக்கும் உறக்கம் உரிமை. 2000-இல் வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு ஓசையின் எல்லை 45 டெசிபெல். விழாக்களுக்கென ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரையில் மாநில அரசு தளர்த்தலாம். 2005-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. நல்ல விதிதான். ஆனால் இது கூத்துக்காரருக்கும் அதே விதி என்பதை நாம் நினைப்பதில்லை. இரவு 10 மணிக்கு மேல் தொடங்கும் கூத்தில் 12 மணிக்குக் கட்டியக்காரன் பேச்சே ஓய்ந்திராது! ஆகவே பழைய கலைஞரும் புதிய கலைஞரும் தம்மை அறியாமலே ஒரே படகில் இருக்கின்றனர்.

வழி அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. அரங்கம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய இடங்களின் உள்ளே ஒலிபெருக்கிக்கு அது தடை சொல்லவில்லை. ஓசை வெளியே கசிந்து பிறரை வருத்தலாகாது என்பதே கருத்து. சித்தூரிலும் திருப்பதியிலும் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவற்றில் பல பூட்டியே கிடக்கும். நகராட்சியோ கல்லூரியோ முன்னின்று, கதவு சன்னல்களுக்கு ஓசை அடங்கும் திரையிட்டு, மாதத்தில் இரண்டு இரவுகள் சிறு வாடகைக்கு இளைஞரிடம் கொடுக்கலாம். முதல் பாதியில் கூத்துக்காரரின் மத்தளம். அடுத்த பாதியில் மாணவரின் மின்னணுத் தாளம். மது வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் நகரில் இரவு நேரத்துக் கூடங்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் இடையே நின்று வழக்குத் தீர்க்க 'இரவு மேயர்' என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய பதவி தேவையில்லை. புகாருக்கு இரவிலும் தொலைபேசியை எடுத்துப் பேசும் பொறுப்பான ஒருவர் போதும்.

எந்த இரவு நல்ல இரவு என்பதைக் கருவியைக் கொண்டு தீர்மானித்தலாகாது. ஆர்மோனியத்தின் வரலாறு நமக்கு அதைக் கற்பித்துவிட்டது. என் கருத்தில் இரண்டு கேள்விகள் போதுமானவை. பக்கத்து வீட்டுக்காரர் உறங்க முடிகிறதா? இசை கேட்க வந்த பெண்பிள்ளை, நிகழ்ச்சி முடிந்து ஒளியுள்ள தெருவில், நம்பத்தக்க பேருந்தில் அச்சமின்றி வீடு சேர முடிகிறதா? முதற்கேள்விக்கு விடை தருவது விதி. இரண்டாம் கேள்விக்கு விடை தர வேண்டியவர்கள் ஊரார் எல்லாரும். கங்கம்மன் அத்தனை வேடம் புனைந்து அலைந்ததும் அதன் பொருட்டே. இவ்விரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்லக்கூடிய ஊரில், நம் பிள்ளைகள் நள்ளிரவு வரையில் எந்தத் தாளத்துக்கு ஆடினால்தான் என்ன? அவர்களைத் தொலைவிலுள்ள நகரங்களுக்கு அனுப்பிவிட்டுக் கவலைப்படுவதைக் காட்டிலும், நம் தெருக்கோடி மண்டபத்தில் ஆடவிட்டு நாமும் ஒரு நாழிகை போய்க் கேட்டு வருவது மேலன்றோ?