சில்லறைதானேன்னு விட்டுறாதீங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் அச்சன்புதூர் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். வீட்டு வேலை போக மிச்ச நேரம் பீடி சுத்துறேன். மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. தலைவி அக்கா, "சேமிப்பைப் பத்திப் பேசும்மா"ன்னு சொன்னப்போ, லோன் வாங்கி மாடு வச்சிருக்கிறவங்க, தையல் கடை போட்டவங்க எல்லாம் இருக்கும்போது நான் என்ன பேசன்னு கேட்டேன். எனக்குத் தெரிஞ்சது சில்லறைக் காசுதான். அதையே பேசுறேன்.

2018 பொங்கலுக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரண்ல கிடந்த சாமானை எல்லாம் இறக்கினோம். எங்க அத்தை, அதாவது மாமியார், 2015-ல தவறிட்டாங்க. அவங்க புழங்கின ஏனங்களுக்குப் பின்னாடி ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. தூக்கினா கனமா இருக்கு, குலுக்கினா கலகலன்னு சத்தம். திறந்து பார்த்தா, பீடி கட்டுற நூலால இறுக்கிக் கட்டின துணி முடிச்சு. அவிழ்த்துக் கொட்டினோம். அத்தனையும் நாலணா. எண்ணிப் பார்த்தோம், 244 காசு, 61 ரூபாய். அதுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள சுருட்டி வச்ச மூணு ஐந்நூறு ரூபாய்த் தாள், பழைய தாள்.

பெரியவங்க இன்னமும் 25 பைசாவை நாலணான்னுதான் சொல்றாங்க. முன்னாடி ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957 ஏப்ரல் 1-ல இருந்துதான் நூறு பைசாக் கணக்கு வந்தது. அந்த நாலணாவும் 2011 ஜூன் 30-ல இருந்து செல்லாமப் போச்சு. அதுக்கு முன்னாடி பேங்க்ல கொடுத்து மாத்திக்கலாம்னு அரசாங்கம் நேரம் கொடுத்திருந்தது. அத்தை மாத்தல. பழைய ஐந்நூறு, ஆயிரம் தாள் 2016 நவம்பர் 8 ராத்திரியோட செல்லாமப் போனது உங்க எல்லாருக்கும் தெரியும். அப்போ அத்தை உயிரோட இல்லை. டப்பா இருக்கிறது எங்களுக்குத் தெரியாது.

மொத்தம் 1,561 ரூபாய். ஒத்தை ரூபாய்கூடச் செல்லாது. எங்க வீட்டுக்காரங்க ஒண்ணுமே பேசல. டப்பாவை மடியில வச்சுக்கிட்டுத் திண்ணையில அப்படியே உட்கார்ந்துட்டாங்க.

ஏன்னா, அத்தைக்குப் பக்கவாதம் வந்தப்போ வைத்தியத்துக்குக் கையில காசு இல்லை. பத்து வட்டிக்கு 8,000 ரூபாய் வாங்கினோம். மாசம் 800 ரூபாய் வட்டி. பதினாலு மாசம் கட்டினோம், வட்டி மட்டும் 11,200 ரூபாய். அசல் அப்படியே நின்னுச்சு. கடைசியில என் கம்மலை வித்துத்தான் அசலை அடைச்சோம். அந்த நாள்ல அத்தைக்குப் பேச்சு நின்னுபோச்சு. கையை மட்டும் மேலே மேலே காட்டுவாங்க. சாமியைக் காட்டுறாங்கன்னு நாங்க நெனச்சுக்கிட்டோம். பரணைக் காட்டினாங்களோ என்னவோன்னு இப்பவும் எனக்கு மனசுல இருக்கு. அந்த 1,500 ரூபாய் கடனை அடைச்சிருக்காது. ஆனா கிட்டத்தட்ட ரெண்டு மாச வட்டி. அது அவங்க முதுகு வலிக்கப் பீடி சுத்திச் சேர்த்தது.

நம்ம அம்மா, ஆச்சி எல்லாரும் சிறுவாடு சேர்த்தவங்கதான். கடுகு டப்பாவுல, அரிசிப் பானையில, சுருக்குப் பையில, முந்தானை முடிச்சுல. அந்தக் காசுதான் எத்தனையோ வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல்னா மருந்து வாங்கியிருக்கு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா ஒளிச்சு வச்ச காசு வளராது. வச்சவங்களுக்கு மட்டும்தான் இடம் தெரியும். அவங்களால சொல்ல முடியாமப் போனா, காசும் அவங்களோட போயிரும். இதைத்தான் அந்த டப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இன்னொண்ணும் சொல்லணும். டப்பா கிடைக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடி, 2017 அக்டோபர்ல, நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல கந்துவட்டிக் கொடுமைன்னு ஒரு குடும்பம் பச்சப்பிள்ளைகளோட தீக்குளிச்சது. நம்ம சுத்துவட்டாரத்துல இருந்து மனு எடுத்துக்கிட்டுப் போனவங்க. அன்னைக்கு நம்ம ஊர்ல எந்த வீட்டுலயும் சோறு இறங்கல. கந்துவட்டியைத் தடுக்க 2003-லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. சட்டம் வேணும்தான். ஆனா ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கச் சட்டம் காசு தராது. கையில ஆயிரம் ரூபாய் இருந்தா அந்த வாசலுக்குப் போக வேண்டாம்.

அந்தப் பொங்கலுக்கு வீட்டைக் கூட்டும்போதே ஒரு வேலை பண்ணினேன். கிடக்கிற காசை எல்லாம் பொறுக்கினேன். கட்டிலுக்கு அடியில, பீடித் தட்டுக்குக் கீழே, தையல் மிஷின் டிராயர்ல, சாமி படத்துக்குப் பின்னாடி, பிள்ளைங்க பழைய பைக்கட்டுல, துவைக்கப் போட்ட சட்டைப் பையில. எண்ணினா 214 ரூபாய் 50 பைசா. நம்ம வீட்டுல காசு இல்லைன்னு சொல்லிக்கிட்டே 214 ரூபாயைக் காலால மிதிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். அந்த 50 பைசா செல்லுமான்னு கேட்பீங்க. கடையில வாங்க மாட்டாங்க, ஆனா சட்டப்படி இன்னைக்கும் செல்லும்.

அத்தையோட டப்பாவைக் கழுவித் துடைச்சு, அதுலயே போட ஆரம்பிச்சேன். மூணு கட்டுப்பாடு வச்சுக்கிட்டேன்.

முதல் கட்டுப்பாடு, அஞ்சு ரூபாயும் அதுக்குக் கீழே உள்ள காசும் வீட்டுக்குள்ள வந்தா திரும்ப வெளியே போகக் கூடாது. நேரா டப்பாவுக்குத்தான்.

ரெண்டாவது, ஒளிக்கக் கூடாது. வீட்டுக்காரங்ககிட்ட, "உங்க சட்டைப் பையில கிடக்கிற சில்லறையை இதுல போடுறேன்"ன்னு முதல்லயே சொல்லிட்டேன். "போடு, எனக்கு டீக்கு மட்டும் விட்டு வை"ன்னு சிரிச்சாங்க. இப்போ அவங்களே ராத்திரி பையைக் கவுத்திட்டுத்தான் சட்டையைக் கழட்டுறாங்க.

மூணாவது, மாசக் கடைசியில எண்ணி, குழுவுல கூடுதல் சேமிப்பா கட்டிப் பாஸ்புக்குல எழுதிரணும். டப்பாவுலயே தூங்க விடக் கூடாது.

கடையில சில்லறை இல்லைன்னா மிட்டாய் கொடுப்பாங்க இல்லையா? ஒரு நாள் நான், "மிட்டாய் வேண்டாம் அண்ணாச்சி, ரெண்டு ரூபாய் பாக்கின்னு எழுதி வையுங்க"ன்னு சொன்னேன். "ரெண்டு ரூபாய்க்கு ஒரு கணக்கா தாயி?"ன்னு கேட்டாங்க. "நான் ரெண்டு ரூபாய் குறைவாத் தந்தா நீங்க எழுதுவீங்கள்ல?"ன்னேன். பக்கத்துல நின்னவங்க எல்லாரும் சிரிச்சுட்டாங்க. இப்போ அதே அண்ணாச்சி, "சில்லறை இருக்கா தாயி?"ன்னு கேட்டு, நோட்டைக் கொடுத்துக் காசு வாங்கிக்கிறாங்க.

2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் கிடையாது. நல்ல விஷயம். ஆனா தென்காசிக்குப் போய்ட்டு வந்தா மிச்சமாகிற காசு எங்கே போகுதுன்னு கவனிச்சேன். பஸ் ஸ்டாண்டுல வடையாப் போகுது, இல்லைன்னா பிள்ளைக்குத் தின்பண்டமாப் போகுது. இப்போ டிக்கெட்டுக்குக் கொடுத்திருப்போமே, அந்தக் காசை வீட்டுக்கு வந்ததும் டப்பாவுல போட்டுருவேன். வடை திங்கக் கூடாதுன்னு சொல்லல. ரெண்டு தடவைக்கு ஒரு தடவை திங்கலாம்.

பத்து ரூபாய்க் காசு செல்லாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலயே, பதினாலு விதமான டிசைன்ல வந்த பத்து ரூபாய்க் காசும் செல்லும்னு அறிவிச்சிருக்கு. பேங்க்ல காசு வாங்க மாட்டோம்னு சொல்லக் கூடாதுன்னும் உத்தரவு இருக்கு. நாம அவங்களுக்கும் வேலையைச் சுலபமாக்கணும். ஒரு ரூபாய் தனி, ரெண்டு ரூபாய் தனின்னு பிரிச்சு, நூறு நூறு காசா சின்னக் கவர்ல போட்டுக் கொண்டுபோனா முகம் சுளிக்காம வாங்கிக்கிறாங்க. நான் அப்படித்தான் கொண்டுபோறேன்.

முதல் வருஷம் டப்பாவுல சேர்ந்தது 3,140 ரூபாய். ஒரு நாளைக்கு ஒன்பது ரூபாய்கூட இல்லை.

இனி என் தப்பு ஒண்ணைச் சொல்லிருறேன். 2019-ல நான் குழுப் பிரதிநிதி. பதினாலு பேர், வாரம் 50 ரூபாய், மொத்தம் 700. பாதிப் பேர் காசாத்தான் தருவாங்க. பேங்க்குக்குப் போற வரைக்கும் அதையும் அதே டப்பாவுல போட்டு வச்சேன். எண்ணிக்கை தெரியும்தானேன்னு ஒரு நெனப்பு. ஒரு வாரம் எண்ணினா 43 ரூபாய் குறையுது. கூட்டத்துல, "43 ரூபாய்தானே, நான் போட்டுருறேன்"ன்னு சாதாரணமா சொல்லிட்டேன். எங்க குழுவுல மூத்த மைனி ஒருத்தவங்க எழுந்திருச்சு, "போடுறது இருக்கட்டும், எங்கே போச்சுன்னு சொல்லு"ன்னாங்க. எனக்கு முகமே செத்துப்போச்சு. என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்களேன்னு வீட்டுக்கு வந்து அழுதேன். ரெண்டு நாள் சாப்பிடல.

அப்புறம் பார்த்தா, என் மகன் கலர் பென்சிலும் நோட்டும் வாங்க டப்பாவுல இருந்து எடுத்திருக்கான். அவனுக்கு அது வீட்டு டப்பா. என்கிட்ட சொல்லணும்னு தோணல. தப்பு அவன் மேலயா? குழுக் காசை வீட்டுக் காசோட கலந்தது நான்தானே. அடுத்த கூட்டத்துல எழுந்து நின்னு நடந்ததைச் சொன்னேன். காசையும் வச்சேன். மைனி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஏட்டி, உன்னைச் சந்தேகப்பட்டுக் கேக்கல. 43 ரூபாய்க்குக் கேக்கலைன்னா நாளைக்கு 4,300-க்கும் கேக்க வாய் வராது"ன்னாங்க. அன்னைக்கே தீர்மானம் போட்டோம். குழுக் காசுக்குப் பூட்டுப் போட்ட தனிப் பெட்டி. பணம் வாங்கும்போதே எல்லார் முன்னாடியும் எண்ணி ரொக்கப் புத்தகத்துல எழுதணும். பெட்டி ஒருத்தர் வீட்டுல, சாவி இன்னொருத்தர் வீட்டுல. இன்னைக்கு வரைக்கும் எங்க குழுவுல கணக்கு ஒரு ரூபாய்கூட இடிச்சதில்லை. கேட்ட மைனிக்கு நான் இந்த மேடையில நன்றி சொல்றேன்.

2020 ஊரடங்குல பீடி வேலை நின்னுபோச்சு. இலையும் இல்லை, தூளும் இல்லை. அப்போ என் கூடுதல் சேமிப்புல இருந்து 4,000 ரூபாய் எடுத்து அரிசி, பருப்பு வாங்கினேன். போன வருஷம் என் மகள் பன்னிரண்டாவது முடிச்சா. காலேஜுல சேர்க்க ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் வேணும். ஆறு வருஷத்துல டப்பா வழியாக் குழுவுக்குப் போனது 23,870 ரூபாய். ஊரடங்குல எடுத்தது போக இருந்ததுல 15,000 எடுத்தேன். மீதி 10,000 குழுவுல உள்கடன். எங்க குழுவுல ஒரு வட்டி. முதல் மாச வட்டி 100 ரூபாய். இதையே வெளியே பத்து வட்டிக்கு வாங்கியிருந்தா 1,000 ரூபாய். அந்த 100 ரூபாயும் வெளியே போகல, நம்ம குழுவுக்குத்தான் வந்தது. எங்க வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்ச முதல் ஆள் என் மகள்தான்.

தமிழ்நாட்டுல இந்தக் குழுக்கள் 1989-ல தர்மபுரி மாவட்டத்துலதான் ஆரம்பிச்சது. 1992-ல நபார்டு, குழுக்களை பேங்க்கோட இணைக்கத் தொடங்கினப்போ இந்தியா முழுக்க வச்ச இலக்கே வெறும் 500 குழுதான். 1997-ல மகளிர் திட்டம் வந்து எல்லா மாவட்டத்துக்கும் பரவிச்சு. மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளை அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவங்க, வயல் வேலை பார்த்தவங்க. 2001-ல டில்லியில விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல பத்மஸ்ரீ விருதும் கிடைச்சது. அவங்க குழுக்களும் சின்னச் சின்னக் காசுலதான் ஆரம்பிச்சது.

அதனால என் வேண்டுகோள் இதுதான். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை கூட்டிப் பெருக்குங்க. கட்டிலை நகர்த்துங்க, சட்டைப் பையைத் தடவுங்க. கிடைச்சதை ஒரு டப்பாவுல போடுங்க. எங்கே வச்சிருக்கீங்கன்னு வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க. மாசக் கடைசியில குழுவுக்குக் கொண்டு வாங்க. வீட்டுல வயசான அத்தை, ஆச்சி இருந்தா, பக்கத்துல உட்கார்ந்து, "எங்கேயாவது முடிஞ்சு வச்சிருக்கீங்களா?"ன்னு பக்குவமாக் கேளுங்க. பிடுங்கிக்கிறதுக்காக இல்லை. அவங்க பேர்லயே போட்டு வைக்கிறதுக்காக.

அத்தையோட 244 நாலணாவும் என்கிட்டத்தான் இருக்கு. துணியில முடிஞ்சு டப்பாவுக்கு அடியிலயே போட்டிருக்கேன். மாசா மாசம் எண்ணும்போது அது முதல்ல கையில படும். அதை ஓரமா எடுத்து வச்சிட்டு மத்ததை எண்ணுவேன்.