உருவப்படத்தில் குறிப்பறிதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்காலத்து ஓவியர் தீட்டும் உருவப்படங்களைக் காணும் நம்மவர் பலர், "சாயலும் சரியில்லை, பொருளும் விளங்கவில்லை" என்று கூறி அகன்றுவிடுகின்றனர். அவற்றை அறிய மேனாட்டுக் கலைப் படிப்பு வேண்டும் என்று அஞ்சி ஒதுங்குவாரும் உளர். இவ்விரு சாராருக்கும் நான் கூற விரும்புவது ஒன்றே. படத்திலுள்ளவரின் மனநிலையை உணரக் கண்ணும் பொறுமையும் போதும். படத்தின் பொருளை அறியச் சிறிது கேள்வியறிவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே மயக்கம் விளைகின்றது.

குறிப்பறிதல் நமக்குப் புதிய கலையன்று. திருவள்ளுவர் அப்பெயரால் பொருட்பாலில் ஓர் அதிகாரமும், காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் அமைத்தார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து நிகழ்வது உடலில் புலப்படும் முறையை எட்டாக வகுத்துக் காட்டுகின்றது. ஆதலின் முகத்தோடு நின்றுவிடாமல் தோள், கை, அமர்ந்திருக்கும் நிலை ஆகிய அனைத்தையும் காண்பதே நம் மரபுக்கு ஏற்ற வழியாகும்.

அம்ரிதா சேர்கில் அம்மையார் 1913-இல் புடாபெஸ்டு நகரில் பிறந்து, பாரிஸில் ஓவியம் பயின்று, 1941-இல் லாகூரில் தமது 28-ஆம் வயதில் மறைந்தவர். அவர் 1935-இல் தீட்டிய 'மூன்று பெண்கள்' என்னும் ஓவியம் 1937-இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் பொற்பதக்கம் பெற்றது. இன்று புதுதில்லி ஜெய்ப்பூர் மாளிகையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. அம்மூவரும் அருகருகே இருக்கின்றனர். ஆயினும் ஒருவரையொருவர் நோக்கவில்லை, நம்மையும் நோக்கவில்லை. பின்புறத்தில் வீடோ மரமோ இல்லை. கண்ணீரும் இல்லை. "பாவம், துயரத்தில் இருக்கிறார்கள்" என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அது துயரந்தானா? காத்திருத்தலா? அடங்கிய உறுதியா? துயரம் என்னும் ஒரு சொல்லில் முடித்துவிட்டால் அவர்பால் இரக்கம் பிறக்கும், மதிப்புப் பிறவாது. சற்று நேரம் நின்று பார்த்தவர்க்கே அவர்களின் மௌனத்தில் வேறு பலவும் புலப்படும்.

இனிப் பொருளுக்கு வருவோம். அமெரிக்க முன்னாள் அதிபர் ஒபாமா அவர்களின் உருவப்படம் 2018-ஆம் ஆண்டு வாஷிங்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் திறந்துவைக்கப்பட்டது. தீட்டியவர் கெஹிண்டே வைலி. நாற்காலியில் முன்சாய்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்து அமர்ந்திருக்கிறார் அதிபர். எதிரிலுள்ளவர் சொல்வதைச் செவிமடுக்கும் நிலை என்பதை உணர எந்த நூலும் வேண்டா. ஆனால் அவரைச் சூழ்ந்த பசுந்தழைகளிடையே மல்லிகை மலர்ந்திருக்கிறது. நம் கண்ணுக்கு மல்லிகை என்றால் மங்கலம், மணவிழா. அங்கோ அது அவர் பிறந்த ஹவாய்த் தீவுகளைக் குறிப்பது. ஆப்பிரிக்க நீல லில்லி தந்தையாரின் கென்யாவையும், சாமந்தி அவர் பொதுவாழ்வில் வளர்ந்த சிகாகோவையும் குறிக்கும். இவற்றைக் கேட்டுத்தான் அறிய வேண்டும், கேட்பதில் இழிவில்லை.

படத்துக்கு உரியவரே அதனை வேறு விதமாகக் காண்பதும் உண்டு. 1954 நவம்பர் 30 அன்று, சர்ச்சிலின் 80-ஆம் பிறந்தநாளில், பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் கிரகாம் சதர்லாண்டு தீட்டிய அவரது படத்தைப் பரிசளித்தன. நாற்காலிக் கைகளைப் பற்றி அமர்ந்த முதியவரின் உருவம் அது. உறுதியைத் தேடுவார்க்கு அதில் உறுதி தெரியும். தளர்ச்சியைத் தேடுவார்க்குத் தளர்ச்சி தெரியும். சர்ச்சில் அதனை வெறுத்தார். பின்னர் அது குடும்பத்தாரால் அழிக்கப்பட்டது. 1978-இல்தான் உலகம் அதனை அறிந்தது. இன்று முன்வரைவுகளும் நிழற்படங்களுமே எஞ்சியுள்ளன. ஒரு முகத்திற்கு நாம் கூறும் பொருள், அம்முகத்துக்கு உரியவரை எவ்வளவு புண்படுத்தக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அன்பர்களே, இஃது ஓவியக் கூடத்தோடு முடியும் செய்தியன்று. பிழைப்பு நாடி இவ்வடபுலத்தில் வந்திறங்கிய நாளில், மொழி அறியாத நாம் முகங்களைப் படித்தே வாழ்ந்தோம். கடைக்காரரின் புருவமும் வீட்டுக்காரரின் கையசைவுமே நமக்கு அகராதி. நம்மையும் பிறர் அவ்வாறே படித்தனர். சொல் கிடைக்காமல் வாய்மூடி நின்றவனைச் செருக்கன் என்றனர். தலையசைத்தவனை உடன்பட்டான் என்றனர். பிழையாகப் படிக்கப்படுவதன் வருத்தம் நமக்குத் தெரியும். அவ்வருத்தத்தை அறிந்தவர், பிறர் முகத்துக்குப் பெயர் சூட்டுவதில் விரையார்.

ஆகவே, படத்தின் அடியிலுள்ள பெயரைப் படிக்குமுன் படத்தைக் காண்க. கண்டதையும் கருதியதையும் வேறு பிரித்துச் சொல்லுக. விளங்காததை அறிந்தாரிடம் வினவுக. அதன்பின்னும் ஓர் ஐயம் எஞ்சுமாயின் அதனை எஞ்சவே விடுக. மனிதர் எவரும் ஒரு சொல்லில் அடங்குவதில்லை அன்றோ?

ஜெய்ப்பூர் மாளிகைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஏனைய நாளொன்றில் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நூறு படங்களை ஓடிப் பார்க்க வேண்டா. ஏதேனும் ஓர் உருவப்படத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று, "என்ன காண்கிறாய்?" என்று குழந்தையைக் கேளுங்கள். விடையைத் திருத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.