ஓட்டை சேர்ந்தால் போதுமா?

(பழைய மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில், இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஜெர்மனியில சாதிச்சதைப் பத்திப் பேசுங்க"ன்னு செயலாளர் கேட்டார். சாதனையை விட, நான் செய்த ஒரு தப்பைச் சொன்னால் உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றியது.

2006-ல் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலையில் இருந்தபோது ஒரு பழைய வோக்ஸ்வேகன் வேன் வாங்கினேன். டி3 என்பார்கள். 1979-ல் வந்த மாடல். எஞ்சின் பின்னால் இருக்கும். அதன் 14 அங்குல இரும்பு வீல்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. அந்த ஊரில் பழைய மெர்சிடிஸ் அலாய் வீல்கள் மலிவாகக் கிடைக்கும். பலரும் அதை டி3-க்கு மாட்டுகிறார்கள். காரணம், இரண்டுக்கும் ஐந்து ஓட்டை, பிட்ச் சர்க்கிள் 112 மில்லிமீட்டர்.

ஐந்து ஓட்டை வீலில் நேர் எதிரே ஓட்டை கிடையாது, எப்படி அளப்பது? அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத் தூரத்தை 1.7-ஆல் பெருக்குங்கள். எனக்கு 66 வந்தது, பெருக்கினால் 112. நடு ஓட்டையையும் பார்த்தேன். பழைய ஆடி வீலில் 112 இருந்தாலும் நடு ஓட்டை 57 மில்லிமீட்டர்தான், வேனின் ஹப் நுழையாது. மெர்சிடிஸில் 66.6. கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆஃப்செட்டும் கணக்குப் போட்டேன். பழைய வீல் ஐந்தரை அங்குல அகலம், ஆஃப்செட் 39. புதியது ஏழு அங்குலம், 37. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுவதால் வீல் உள்பக்கம் 17, வெளிப்பக்கம் 21 மில்லிமீட்டர் தள்ளும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை.

இவ்வளவு பார்த்தவன் கோட்டை விட்டது எங்கே தெரியுமா? நட்டில்!

பழைய நட்டுகள் அசிங்கமாக இருந்ததால் பளபளவென்று புது நட்டுகள் வாங்கினேன். மரை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நட்டின் அடிப்பக்கம் கூம்பு. மெர்சிடிஸ் வீலில் நட் உட்காரும் இடமோ கிண்ணம் மாதிரி உருண்டையானது. கிண்ணத்தில் கூம்பை வைத்தால் ஒரு மெல்லிய வளையத்தில்தான் தொடும். முறுக்கும்போது 'நல்லா டைட்டா இருக்கு' என்றுதான் கை சொல்லும். ஓட ஓட இரும்பு நட் அலுமினியத்தை நசுக்கிக்கொண்டு இறங்கும், பிடிமானம் போய்விடும். வீலை ஹப்போடு நிறுத்துவது அந்த அழுத்தம் தரும் உராய்வுதான். அது போனால் ஸ்டட் மட்டும் வீலைத் தாங்காது.

ஒரு சனிக்கிழமை, மனைவியும் நாலு வயது மகளும் பின்சீட்டில். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். பின்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம். மனைவி, "என்னங்க, வண்டி ஆடுதே" என்றாள். ரோடு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், எதற்கும் என்று ஓரம் கட்டினேன். பின் இடது வீலில் ஐந்தில் மூன்று நட்டுகளை விரலாலேயே சுழற்ற முடிந்தது! கை கால் உதறிவிட்டது. மகள் ஜன்னல் வழியே, "அப்பா, பங்ச்சரா?" என்று கேட்டாள். பதில் சொல்லக் குரல் வரவில்லை.

அந்த வீலைத் தூக்கி எறிந்தேன். வேறு ஒன்று வாங்கி, நான்குக்கும் உருண்டை அடி உள்ள சரியான நட்டுகள் தேடிப் போட்டு, கையேட்டில் சொன்ன 180 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்சால் முறுக்கினேன். 50 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி சரிபார்த்தேன். அங்கே இப்படி வீல் மாற்றினால் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் ஒப்புதல் தர வேண்டும். அதை முதலிலேயே செய்யாமல் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று ஓட்டியதும் என் தப்புத்தான்.

பரிசோதகர் டயரையும் விடவில்லை. கார் டயரில் 91 என்று போட்டிருந்தால் 615 கிலோ தாங்கும். நான்குக்கும் 2,460. வேன் முழுச் சுமையோடு சுமார் 2,400. கணக்கு சரிதானே என்றேன். "எஞ்சின் எங்கே இருக்கு?" என்று ஒரே கேள்வி கேட்டார். பின்னால் எஞ்சின் உள்ள வண்டியில் சுமை நான்காகச் சமமாகப் பிரியுமா? வாயை மூடிக்கொண்டு 730 கிலோ தாங்கும் 97 டயர் போட்டேன்.

தம்பி தங்கைகளே, பிட்ச் சர்க்கிள் இங்கே மெஷின் டிராயிங்கில் படித்ததுதான். உராய்வு முதல் வருஷப் பாடம். எனக்குத் தெரியாதது எதுவுமே அதில் இல்லை. ஐந்தில் நாலு சரியாக வந்ததும், ஐந்தாவதைப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒன்று இன்னொன்றில் ஏறிவிட்டால் பொருந்திவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எங்கே தொடுகிறது, எவ்வளவு தாங்குகிறது என்று பாருங்கள். சத்தம் கேட்டால் சமாதானம் சொல்லாமல் வண்டியை நிறுத்துங்கள்.

அன்று நிறுத்தியதால்தான் இன்று குடும்பத்தோடு இங்கே வந்திருக்கிறேன். மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.