சென்னை மாநகரக் காவலும் நம் வகுப்பறையும்

(தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சாப்பிடாவிட்டால் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போய்விடும்." பள்ளியில் சேரும் முன்பே நம் குழந்தைகள் பலரும் கேட்டுவிடும் வாக்கியம் இது. காவலர் என்றால் பிடித்துக்கொண்டு போகிறவர் என்ற எண்ணத்தோடுதான் முதல் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். உண்மையாகவே ஓர் ஆபத்து வரும் நாளில் அந்தக் குழந்தை யாரிடம் போகும்? இதற்கு விடை தேட, சென்னை மாநகரக் காவலின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டைக்கு வெளியே இருந்த நகரைக் காக்கும் பொறுப்பைப் பெத்த நாயக்கர் என்பவரிடம் ஒப்படைத்தது. அவருடைய ஆட்கள் இரவில் தெருக்களைச் சுற்றி வந்தார்கள். அதற்கு ஊதியமாக நிலமும், சந்தைப் பொருள்களின் மீது சிறு வரியும் கிடைத்தன. களவு போன பொருள் கிடைக்காவிட்டால் அவரே ஈடு கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஜார்ஜ் டவுனில் உள்ள பெத்தநாயக்கன்பேட்டை இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் நிலை மாறியது. 1856இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களுக்கும் ஒரே காவல் சட்டம் வந்தது. சென்னைக்குக் காவல் ஆணையர் வந்தார். 1859இல் மாவட்டங்களுக்குத் தனிச் சட்டம் பிறந்தது. 1888இல் இயற்றப்பட்ட மாநகரக் காவல் சட்டம், பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சீருடையும் படிநிலையும் கொண்ட அந்தப் படை பதில் சொல்ல வேண்டியது அந்நிய அரசுக்கே. களவு கொடுத்தவருக்கு அல்ல. நம் மக்கள் மனத்தில் படிந்த அச்சத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது அமைப்பைப் பார்ப்போம். மாவட்டத்தில் காவல்துறைக்குத் தலைவர் காவல் கண்காணிப்பாளர். தடையுத்தரவு போன்ற நிர்வாக நடுவர் அதிகாரம் ஆட்சியர் பக்கம் இருக்கிறது. மாநகரில் அந்த அதிகாரமும் காவல் ஆணையரிடமே உண்டு. அவருக்குக் கீழே கூடுதல் ஆணையர், இணை ஆணையர், துணை ஆணையர், உதவி ஆணையர் என்று படிகள் இறங்கி, காவல் நிலையத்தில் ஆய்வாளரிடம் வந்து சேர்கின்றன. சட்டம் ஒழுங்கு, குற்றம், போக்குவரத்து எனப் பணிகள் பிரிந்திருக்கின்றன. நகரம் விரிந்ததால் 2022 முதல் ஆவடியும் தாம்பரமும் தனி ஆணையரகங்களாக இயங்குகின்றன.

இந்த நீண்ட படிநிலையில் ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அனைத்து மகளிர் காவல் நிலையம். தமிழ்நாட்டில் 1973இல் பெண்கள் காவல் பணிக்கு வந்தார்கள். 1992இல் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. மற்றொன்று, குழந்தைகள் நலக் காவல் அலுவலர். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இப்படி ஒருவர் இருக்க வேண்டும்.

2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையைக் காவல் நிலையத்துக்கு வரவழைக்க வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர் வர வேண்டும். வாக்குமூலம் வாங்குபவர் சீருடையில் இருக்கக் கூடாது. எந்தக் குழந்தையையும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அச்சம் தந்த அதே சீருடையைக் குழந்தைக்காகக் கழற்றிவைக்கச் சொல்கிறது சட்டம்.

அதே சட்டம் நமக்கும் கடமை விதிக்கிறது. ஒரு மாணவிக்கோ மாணவனுக்கோ பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தால், காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்பதற்கு இடமில்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தம் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. உண்மையா என்று துருவி விசாரிப்பது நம் வேலை அன்று. தெரிவிப்பதும், குழந்தையின் பெயர் வெளியே போகாமல் காப்பதும்தான் நம் வேலை.

ஆகவே, ஊர் திரும்பியதும் மூன்று செயல்களைச் செய்யுங்கள். உங்கள் பள்ளி எந்தக் காவல் நிலைய எல்லைக்குள் வருகிறது, அங்கே குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் குழந்தைகளின் கண்ணில் படும் இடத்தில் எழுதுங்கள். சமூக அறிவியல் பாடவேளை ஒன்றில் அந்த அலுவலரையே வகுப்புக்கு அழைத்து, குழந்தைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். முகம் தெரிந்தவரிடம் பேசக் குழந்தைகள் தயங்க மாட்டார்கள்.