அறைச் சாவி கைக்கு வரும்வரை



குடும்பச் சுற்றுலா என்பது இன்றைய அரங்கத்தின் பொருள். செலவு, பாதுகாப்பு, பிள்ளைகளின் மகிழ்ச்சி ஆகியவற்றைப் பற்றி மற்றவர்கள் பேசவிருக்கிறார்கள். இந்த உரை எடுத்துக்கொள்வது ஒரு சிறு பகுதியைத்தான். கெந்திங் மலைக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் வீட்டுக் கதவைப் பூட்டிய நேரத்திலிருந்து, மேலே தங்கும் விடுதியில் அறைச் சாவி கைக்கு வரும்வரை நடப்பது என்ன? விளையாட்டுப் பூங்காவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இந்த ஐந்தாறு மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் வீட்டில் நடக்கும் பெரும்பாலான சண்டைகள் அந்த ஐந்தாறு மணி நேரத்தில்தான் பிறக்கின்றன.

முதலில் அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம். லிம் கோ தோங் சீனாவின் பூஜியான் மாநிலத்திலிருந்து இளம் வயதில் மலாயா வந்து குத்தகைத் தொழிலில் உயர்ந்தவர். 1964-இல் கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, இதே குளிர் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. 1965-இல் காட்டுக்குள் பாதை வெட்டத் தொடங்கினார். அந்த வேலைக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பிடித்தன. 1969 மார்ச் 31-இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்டினார். 1971-இல் முதல் விடுதி திறக்கப்பட்டது. பகாங், சிலாங்கூர் எல்லையில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், அட்டைப்பூச்சியும் மூங்கிலும் தவிர வேறொன்றும் இல்லாதிருந்த இடம் அது. 2006-இல் ஃபர்ஸ்ட் வோர்ல்டு விடுதி 6,118 அறைகளோடு உலகின் மிகப் பெரிய விடுதி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. பின்னர் அந்தப் பெயர் லாஸ் வேகாசுக்குப் போய், 2015-இல் 7,351 அறைகளோடு திரும்பவும் கெந்திங்குக்கே வந்தது.

இந்த 7,351 என்ற எண்ணைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது வேலை செய்யும்.

இன்று பெற்றோராக இருப்பவர்களில் பலர் சிறு வயதில் பள்ளிப் பேருந்தில் கெந்திங் போனவர்கள். ஏரியில் மிதிபடகு, தலைகீழாகச் சுழற்றும் கோர்க்ஸ்க்ரூ என்று அவர்கள் வீட்டில் கதை சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்கு ஆசை வளர்ந்திருக்கும். அந்தத் திறந்தவெளிப் பூங்கா 2013 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது. அதே இடத்தில் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் ஒன்றின் பெயரில் புதிய பூங்கா வருவதாக இருந்து, அது வழக்கில் போய் நின்று, பின் சமரசமாகி, கடைசியில் 2022 பிப்ரவரி 8-இல் கெந்திங் ஸ்கைவோர்ல்ட்ஸ் என்ற பெயரில் திறக்கப்பட்டது. இடையில் எட்டரை ஆண்டுகள். அப்பா சொன்ன படகைத் தேடிப் போகும் பிள்ளைக்கு அங்கே படகு இருக்காது. இதை வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்றும் உண்டு. விளையாட்டுச் சாதனங்கள் பலவற்றுக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. வாசலில் அளவுகோலைக் காட்டித் திருப்பி அனுப்பும்போது ஏழு வயதுப் பிள்ளை அழும் அழுகையை எந்த ஐஸ்கிரீமும் அடக்காது. புறப்படுவதற்கு முன்தினம் சுவரில் நிற்க வைத்து அளந்து பார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சரி, புறப்படும் நாளுக்கு வருவோம்.

விடுமுறை எல்லாருக்கும் என்று சொல்கிறோம். ஆனால் அன்று அதிகாலை நான்கு மணிக்கு எழுந்திருப்பது யார்? வீட்டின் அம்மாதான். மேலே சாப்பாட்டு விலை அதிகம் என்பதால் நாசி லெமாக் பொட்டலம் கட்ட வேண்டும். பிள்ளைக்குக் குளிராடை, மாமியாருக்குப் போர்வை, மருந்துப் பை, யூகலிப்டஸ் தைலம், கப் மீ, பிளாஸ்க் என்று எல்லாவற்றையும் எடுத்துவைக்க வேண்டும். வீட்டுக்காரர் ஆறரை மணிக்கு எழுந்து, குளித்து, காரைக் கழுவி, "என்ன, இன்னும் புறப்படலயா?" என்று கேட்பார். கேட்ட மாத்திரத்தில் முதல் சண்டை. ஜொகூர், பினாங்கு பக்கத்திலிருந்து வருபவர்கள் வழியில் பத்துமலையில் இறங்கி ஒரு கும்பிடு போட்டுக்கொண்டால் சண்டை கொஞ்சம் ஆறும். முருகன் செய்யும் பல வேலைகளில் இதுவும் ஒன்று.

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரப் பயணம் என்று நினைத்துக் கிளம்புகிறார்கள். பள்ளி விடுமுறையில் அந்தக் கணக்கு செல்லாது. அந்தப் பாதையின் குணமும் வேறு. வளைவுக்கு மேல் வளைவு. பின்னிருக்கையில் கைத்தொலைபேசியில் படம் பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்குத்தான் முதலில் வாந்தி வரும். ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கச் சொன்னாலே பாதி குறையும். பாட்டிகள் புளிப்பு அசாமை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள், அதையும் கேட்கலாம்.

காரோட்டுபவர்களுக்கு ஒரு செய்தி. 2013 ஆகஸ்டு 21-இல் இந்த மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 உயிர்கள் போயின. அன்று அழுத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து வர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிரேக் தொடர்ந்து தேய்ந்தால் சூடேறும், சூடேறினால் பிடிக்காது. ஆட்டோ கியர் கார் ஓட்டுபவர்களில் பலர் அந்தக் கம்பியில் எல், 2, பி என்று ஏன் எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மலைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம்.

ஓட்டத் தயக்கம் உள்ளவர்கள் அவானாவில் காரை விட்டுவிட்டுக் கேபிள் காரில் ஏறலாம். 2016 டிசம்பரில் தொடங்கிய அவானா ஸ்கைவே 2.8 கிலோமீட்டர் நீளம். பத்துப் பேர் உட்காரும் பெட்டி, பத்து நிமிடத்தில் மேலே. நடுவில் சின் சுவீ கோயில் நிலையத்திலும் இறங்கலாம். அடியில் கண்ணாடி பதித்த பெட்டிகளும் உண்டு. அதில் ஏறுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. காலுக்குக் கீழே காடு தெரிந்தால் எல்லாருக்கும் சிரிப்பு வராது. பெட்டிகள் எத்தனை என்பதையும் யோசிக்க வேண்டும். நான்கு பெரிய பெட்டியும் மூன்று பிளாஸ்டிக் பையுமாக வரிசையில் நின்ற பிறகு, "காரிலேயே போயிருக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். அவரைத் தவிர மற்ற எல்லாரும் அன்று மாலைவரை அதை ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். 7,351 அறைகள். வார இறுதியில், அதுவும் மலேசியப் பள்ளிகளும் சிங்கப்பூர்ப் பள்ளிகளும் ஒன்றாக விடுமுறை விடும் டிசம்பரில், அத்தனை அறையிலிருந்தும் முற்பகலில் மக்கள் வெளியேற வேண்டும். அத்தனை படுக்கைக்கும் புது விரிப்பு போட வேண்டும். பின்னர் அத்தனை அறைக்கும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் புது ஆட்கள் போக வேண்டும். பதினொரு மணிக்கே வந்து நின்றுகொண்டு, "பணம் கட்டியாச்சு, ஏன் அறை தர மாட்டேன்கிறார்கள்?" என்று முகப்பில் நிற்கும் பெண்ணிடம் குரலை உயர்த்துபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கலாம், அவர்களுக்கும் அன்று விடுமுறைதான். மேலே ஒரு மாடியில் யாரோ ஒருவர் குனிந்து குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நம்மவர்களில் எத்தனையோ பேர் விடுதிகளில் அந்த வேலை பார்த்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். குரலை உயர்த்துவதற்கு முன் அதை நினைத்துக்கொள்ளலாம்.

அங்கே அறைப் பதிவுக்கு இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். முன்பதிவு எண்ணைத் தட்டினால் சாவி அட்டை வரும். வசதிதான், முன்பதிவு எண் கையில் இருந்தால். பதிவு செய்தது மூத்த மகள், அவள் வேலை முடிந்து இரவுதான் வருவாள், எண் அவள் தொலைபேசியில், மலையில் அழைப்பு கிடைக்கவில்லை. இப்படி நிற்கும் குடும்பங்களை எந்த விடுமுறையிலும் பார்க்கலாம். ஒரு தாளில் எழுதிப் பாட்டியின் சுருக்குப்பையில் போட்டு வைத்தால்கூடப் போதும், அது தொலையாது. சிங்கப்பூரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ உறவினர் வந்து தங்கும் அறைக்குச் சுற்றுலா வரியாக ஓர் இரவுக்கு 10 வெள்ளி தனியாகக் கட்ட வேண்டும். 2017 செப்டம்பரில் வந்த விதி இது, மலேசியக் குடிமக்களுக்கு இந்த வரி இல்லை. முன்பே சொல்லிவிட்டால், "ஏமாற்றுகிறார்களா?" என்று அத்தை கேட்க மாட்டார்.

ஆக, வந்து சேர்ந்தது பன்னிரண்டு மணி, அறை மூன்று மணிக்கு. நடுவில் மூன்று மணி நேரம். பிள்ளைகள் இரண்டு பக்கம் இழுப்பார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் பாட்டிதான். "நீங்க இங்கயே உட்காருங்கம்மா, இதோ வந்துடறோம்." இதோ என்பது ஒன்றரை மணி நேரமாகும். கூட்டத்தில், குளிரில், மூட்டு வலியோடு, கழிவறைக்குப் போக வேண்டும் என்றாலும் பெட்டிகளை விட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருக்கும் முதியவர்களை விடுதி முகப்பில் பார்க்காதவர் யார்? மகன் கடமைக்குத்தான் அழைத்துவந்தார், பாசத்தோடுதான் அழைத்துவந்தார். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அந்தத் தாய் காவல்காரியாகிவிடுகிறார். பெட்டிகளை ஒப்படைத்து வைக்கும் சேவை விடுதிகளில் வழக்கமாக இருப்பதுதான். கேட்டால் கிடைக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த மூன்று மணி நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும்.

வீட்டுக்காரர் காணாமல் போகிறார். "சும்மா ஒரு சுத்து பார்த்துட்டு வரேன்." மலேசியாவில் நிலத்தில் சட்டபூர்வமாக நடக்கும் ஒரே சூதாட்ட மையம் இந்த மலையில்தான் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் முஸ்லிம்களும் நுழைய முடியாது. மற்றவர்களுக்குத் தடை அவரவர் மனம்தான். இதே கெந்திங் குழுமம் 2010-இல் செந்தோசாவில் திறந்த உல்லாச நகரத்தில் நிலைமை வேறு. சிங்கப்பூர் அரசு தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்ட மையத்துக்குள் போக ஒரு நாளுக்கு 100 வெள்ளி கட்டணம் வைத்தது. 2019-இல் அதை 150 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்த்தியது. கணவர் அளவு மீறுகிறார் என்றால் மனைவியே விண்ணப்பித்து அவர் உள்ளே போகாதபடி தடை உத்தரவு வாங்கவும் அங்கே வழி உண்டு. இங்கே வாசலில் அப்படியொரு கட்டணம் இல்லை. ஆகவே அந்த வேலையைக் குடும்பமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சுற்றுலாவுக்கென்று ஓராண்டு சேர்த்த பணம் அது. கூட்டுப் பணத்தில் ஒரு பங்கு, போனசில் ஒரு பங்கு. அது ஒருவர் சட்டைப் பையில் இருக்கும்வரை மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே நாளை ஓட்ட வேண்டும். மூன்று மணிக்குத் திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தால் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிடும். "பூங்கா நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். நாளைக்கு, "மழை வரும்போல இருக்கு" என்பார். பிள்ளை எதுவும் கேட்காது. பத்து வயதில் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளும். பூங்காச் சீட்டையும் சாப்பாட்டுப் பணத்தையும் புறப்படும் முன்பே பிரித்து அம்மாவின் கையில் கொடுத்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. சில வீட்டில் கணவரே கொடுத்துவிடுகிறார், "என்கிட்ட இருந்தா சரிவராது, நீயே வச்சிக்க" என்று. அப்படிச் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைச் சொன்னவருக்குத்தான் தெரியும். அந்த அம்மா அதைப் பிறகு ஒரு நாளும் சொல்லிக்காட்டாமல் இருந்தால் இன்னும் சிறப்பு.

மூன்று மணி ஆயிற்று. சாவி அட்டை வந்தது. மின்தூக்கிக்கு இன்னொரு வரிசை. கதவைத் திறந்தால் பிள்ளைகள் செருப்போடு கட்டிலில் குதிப்பார்கள், அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. "ஏர்கோன் எங்கே?" என்று ஒருவர் தேடுவார். சாதாரண அறைகளில் அது கிடையாது. தேவையும் இல்லை, இரவில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். மூடுபனி ஜன்னலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மூன்று பேருக்கான அறையில் ஆறு பேர் என்றால் யார் எங்கே படுப்பது என்ற பேச்சு அப்போதே எழும். கட்டில் பிள்ளைகளுக்கு, தரை பெரியவர்களுக்கு என்று முடிவாகும். அந்தத் தரையின் குளிர் பாட்டியின் முழங்காலுக்கு ஆகாது. கட்டிலில் சுவர்ப் பக்கம் பாட்டிக்கு, ஜன்னல் பக்கம் பேரப்பிள்ளைக்கு என்று சாவி வந்தவுடனேயே சொல்லிவிட வேண்டியது மகனின் வேலை. மருமகள் சொன்னால் பாட்டி, "வேணாம்மா, நான் கீழேயே படுத்துக்கறேன்" என்பார். மகன் சொன்னால் கேட்பார். பிறகு கெட்டிலில் தண்ணீர் சுட வைத்து, நான்கு மணிக்கு எழுந்தவரை உட்கார வைத்து, அவர் கையில் ஒரு கப் மைலோவைக் கொடுக்கலாம். பூங்கா நாளைக் காலையும் அங்கேதான் இருக்கும்.